மையால் வரைந்த கோணமானி

பழைய வானொலிப் பெட்டியைப் பிரித்துப் பார்த்திருந்தால் இந்தச் சென்சார் உங்களுக்கு ஏற்கெனவே அறிமுகம். ஸ்டேஷன் மாற்றும் திருகுக்குப் பின்னால் அரைவட்டத் தகடுகள் அடுக்கடுக்காக இருக்கும். திருகத் திருக ஒரு அடுக்கு இன்னொரு அடுக்கின் இடுக்குகளுக்குள் நுழையும், ஆனால் ஒன்றையொன்று தொடாது. கேங் கண்டென்சர் என்பார்கள். அங்கே நாம் கோணத்தைக் கொடுத்து மின்தேக்குத் திறனை, அதாவது தகடுகள் எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்ற அளவை, வாங்கினோம். அதையே தலைகீழாகப் போட்டு, மின்தேக்குத் திறனை அளந்து கோணத்தைக் கேட்டால் அதுதான் மின்தேக்கிக் கோணச் சென்சார். ரோபோவின் மூட்டு எவ்வளவு மடங்கியிருக்கிறது, வால்வு எவ்வளவு திறந்திருக்கிறது, திருகு எங்கே நிற்கிறது என்பதையெல்லாம் இதை வைத்தே சொல்லிவிடலாம்.

அந்த உலோகத் தகடுகளுக்குப் பதிலாக, வளையும் பிளாஸ்டிக் தாளில் மின்கடத்தும் மையால் அச்சடித்த வடிவங்களை வைத்தால் என்ன ஆகும்? நல்லதும் ஆகும், சில விசித்திரமான வம்புகளும் வரும். இரண்டையும் பார்த்துவிடலாம்.

கணக்கு பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். எதிரெதிரே இரண்டு தகடுகள் இருந்தால், அவற்றின் மின்தேக்குத் திறன் பரப்புக்கு நேர்விகிதம், இடைவெளிக்கு எதிர்விகிதம், அப்புறம் நடுவில் என்ன பொருள் இருக்கிறது என்பதையும் பொறுத்தது. காற்று என்றால் 1, பிளாஸ்டிக் என்றால் 3 சொச்சம், தண்ணீர் என்றால் சுமார் 80. இந்த எண்ணுக்கு ஒப்புமை விடுதிறன் என்று பெயர். அந்த 80-ஐ மறந்துவிடாதீர்கள், பின்னால் வந்து தொல்லை கொடுக்கும்.

எண் போட்டுப் பார்ப்போம். 20 மில்லிமீட்டர் வெளி ஆரம், 5 மில்லிமீட்டர் உள் ஆரம் உள்ள அரைவட்டப் பட்டை ஒன்று அசையாமல் இருக்கிறது. அதற்கு எதிரே, அரை மில்லிமீட்டர் காற்று இடைவெளியில், அதே மாதிரி இன்னொன்று சுழல்கிறது. இரண்டும் முழுக்க ஒன்றன்மேல் ஒன்று இருக்கும்போது கிடைப்பது சுமார் 10.4 பிகோபாரட். 180 டிகிரி திருப்பினால் அது கிட்டத்தட்ட சுழியமாகிவிடும். அதாவது ஒரு டிகிரிக்கு 58 ஃபெம்டோபாரட். ஒரு ஃபெம்டோபாரட் என்பது ஒரு பிகோபாரட்டில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இவ்வளவு சிறியதை அளக்க முடியுமா என்று முதலில் பயமாகத்தான் இருக்கும். ஆனால் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் எஃப்டிசி1004 மாதிரி ஒரு சின்ன ஐசி அரை ஃபெம்டோபாரட் வரை பிரித்துக் காட்டுகிறது. காகிதக் கணக்கில் அது ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்குக்கும் கீழே. காகிதத்தில் மட்டும்தான், ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். டிஜிட்டல் வெர்னியர் காலிப்பரின் உள்ளேயும் இதே உத்தி நேர்க்கோட்டில் வேலை செய்கிறது. அளவுகோல் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கருக்கு அடியில் செம்புக் கட்டங்கள் வரிசையாக இருக்கும்.

சரி, ஏன் மை?

அச்சிட்ட எலக்ட்ரானிக்ஸின் பெரிய பலவீனம் அதன் மின்கடத்தும் தரம். வெள்ளித் துகள் கலந்த மை, ஸ்கிரீன் பிரிண்டிங்கில் தீட்டிச் சூடேற்றி இறுக்கிய பிறகும் செம்பைவிடப் பல மடங்கு அதிக மின்தடையோடுதான் இருக்கும். கார்பன் மை அதைவிட மோசம். மோட்டாருக்கு மின்சாரம் கொண்டுபோக இது உதவாது. ஆனால் நம் சூத்திரத்தை மறுபடி பாருங்கள்: பரப்பு, இடைவெளி, நடுவில் உள்ள பொருள். தகடு எதனால் ஆனது என்ற கேள்வியே அதில் இல்லை. மின்முனைக்கு, அதாவது அச்சடித்த தகட்டுக்கு, போகும் கோடு 1000 ஓம் இருந்தாலும், 10 பிகோபாரட்டோடு சேரும்போது அதன் காலமாறிலி, அதாவது தகடு நிறையும் வேகத்தைச் சொல்லும் நேர அளவு, 10 நானோநொடிதான். எஃப்டிசி1004 அலைவீசும் 25 கிலோஹெர்ட்ஸில் ஒரு அரைச்சுற்று 20 மைக்ரோநொடி, அதாவது 2000 மடங்கு அவகாசம். தகடு நிறைவதற்கு நேரம் தாராளமாக இருக்கிறது. தாள் பல தடவை வளைந்து மையில் நுண்ணிய விரிசல் விழுந்து மின்தடை இரண்டு மடங்கானாலும் காட்டும் கோணம் அசையாது. எவ்வளவு இழுபட்டது என்பதை அறிய மின்தடையையே அளக்கும் ஸ்டிரெய்ன் கேஜ் மாதிரிச் சென்சாராக இருந்தால் அந்த விரிசலே தவறான அளவாக வந்து நிற்கும்.

மைக்கு வராதது மின்கடத்தல், நன்றாக வருவது வடிவம். இந்தச் சென்சாருக்கு வேண்டியதும் வடிவம்தான். அதனால்தான் இரண்டும் இவ்வளவு பொருந்திப்போகின்றன என்பது என் எண்ணம். சென்சாரை வடிவமைப்பது என்றால் பெரும்பாலும் படம் வரைவதுதான்.

என்ன படம் வரைவது?

ஒரு அரைவட்டம் எதிரே இன்னொரு அரைவட்டம் என்பது விளக்குவதற்கு நல்லது, பயன்படுத்துவதற்கு இல்லை. தண்டு முன்னும் பின்னும் 0.05 மில்லிமீட்டர் ஆடினாலே அரை மில்லிமீட்டர் இடைவெளியில் அது 10 விழுக்காடு. சென்சார் அதையும் கோணம் என்று நினைத்துக்கொள்ளும். அப்புறம் 90 டிகிரியும் 270 டிகிரியும் அதற்கு ஒன்றுபோலத் தெரியும்.

அதனால் அசையாத பக்கத்தை, அதாவது ஸ்டேட்டாரை, நான்கு கால்வட்டங்களாக வெட்டிக்கொள்வோம். அ, ஆ, இ, ஈ என்று சுற்றிவரப் பெயர் வைத்துக்கொள்ளுங்கள். சுழலும் பக்கம், அதாவது ரோட்டார், ஒரு அரைவட்டம். இப்போது அ-வுக்கும் அதற்கு நேரெதிரே உள்ள இ-க்கும் உள்ள வித்தியாசத்தை எடுங்கள். ரோட்டார் அ-வை விட்டு விலகும்போது அதே அளவு இ-யின் மேல் ஏறுகிறது. ஆகவே வித்தியாசம் ஒரு 90 டிகிரிக்குச் சரிவாக இறங்கும், அடுத்த 90 டிகிரிக்கு அசையாமல் தட்டையாக நிற்கும், பிறகு ஏறும். அது தட்டையாக நிற்கும் நேரத்தில் ஆ, ஈ ஜோடி சரிவில் இருக்கும். எப்போதும் ஏதாவது ஒரு ஜோடி கோணத்தைச் சொல்லிக்கொண்டே இருப்பதால் முழு 360 டிகிரியும் கைக்கு வந்துவிடுகிறது. வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்துவிட்டால் இடைவெளி மாற்றம் மேலும் கீழும் அடிபட்டுப்போகும், காற்றின் ஈரப்பதம் பொதுவாக மாறினால் அதுவும்.

இருந்தாலும் சரிவிலிருந்து தட்டைக்கு மாறும் மூலைகள் நடைமுறையில் கூர்மையாக இருப்பதில்லை. தகட்டின் விளிம்பில் மின்புலம் வெளியே பிதுங்குவதால், கிட்டத்தட்ட இடைவெளி அளவுக்கு மூலை மழுங்கிவிடும். அந்த மழுங்கலோடு சண்டை போடுவதைவிட, முதலிலிருந்தே மூலையே இல்லாத அலையைக் கேட்பது நல்லது. அதாவது ஒரு ஜோடி சைன் கொடுக்கட்டும், மற்றது கொசைன் கொடுக்கட்டும். இரண்டையும் ஏடான்2 என்ற நிரல் கட்டளைக்குள் போட்டால் கோணம் வந்துவிடும். இதில் புதிதாக வருபவர்கள் வழுக்குகிற இடம் ஒன்று உண்டு. ரோட்டாரின் விளிம்பு ஆரத்தை சைன் போல ஏற்றி இறக்கி வரைந்துவிடுவார்கள். ஆனால் பரப்பு ஆரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சைன் போல மாறவேண்டியது ஆரத்தின் வர்க்கம், ஆரம் இல்லை.

இதற்கு ஒரு குறுக்குவழி இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்தது. சாதாரண வட்டம் ஒன்றை எடுத்து, அதன் மையத்தில் இல்லாமல் கொஞ்சம் தள்ளித் தண்டைக் கோத்துவிடுங்கள். 15 மில்லிமீட்டர் ஆர வட்டம், 4 மில்லிமீட்டர் விலகல் என்று வைத்துக்கொண்டால், தண்டிலிருந்து விளிம்பு வரை உள்ள தூரம் 11-க்கும் 19-க்கும் இடையில் ஊசலாடும், அதன் வர்க்கம் ஏறக்குறைய கொசைன் போலவே மாறும். ஏறக்குறைய என்ற அந்த மிச்சத்தில் பெரும்பகுதி ஒரு சுற்றுக்கு இரண்டு முறை வருகிற பிழை என்பதால், எதிரெதிர்க் கால்வட்டங்களைக் கழிக்கும்போது காணாமல் போகிறது. கணினியில் வளைவு வரையவே வேண்டாம், காம்பஸ் போதும்.

இன்னொரு கேள்வி மிச்சம் இருக்கிறது: சுழலும் ரோட்டாருக்கு ஒயர் எப்படிக் கொடுப்பது? கொடுக்க வேண்டாம். தண்டு பேரிங் வழியாகக் கிரவுண்டில், அதாவது சுற்றின் சுழிய மின்னழுத்தத்தில்தானே இருக்கிறது என்று சிலர் நம்பிவிடுவார்கள்; பேரிங்குக்குள் எண்ணெய்ப் படலம் இருப்பதால் அந்தத் தொடர்பு வரும், போகும். அதைவிட, ஸ்டேட்டாரின் நடுவில் ஒரு வளையத்தையும் ரோட்டாரின் நடுவில் அதற்கு எதிராக ஒரு வளையத்தையும் அச்சடித்துவிடலாம். கால்வட்டத்திலிருந்து கிளம்பும் சைகை ரோட்டாரின் இதழுக்கு, அதாவது அதில் அச்சடித்த வடிவத்துக்கு, தாவும், அங்கிருந்து மையால் இணைந்த அதன் வளையத்துக்குப் போகும், அங்கிருந்து மறுபடி ஸ்டேட்டார் வளையத்துக்குத் தாவும். இரண்டு தாவல் என்பதால் சைகை குறையும்; ஆனால் சுழலும் பகுதி ஒயர், பேட்டரி எதுவும் இல்லாத வெறும் அச்சடித்த தாளாக இருக்கலாம். எதிரெதிர்க் கால்வட்டங்களுக்கு எதிரெதிர் அலையைக் கொடுத்தால் கழித்தலைக்கூட அந்த வளையமே செய்துவிடும். ஒரு எச்சரிக்கை: எஃப்டிசி1004 மின்முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளப்பது. இப்படி ஒரு மின்முனையிலிருந்து இன்னொன்றுக்குப் பாய்வதை அளக்க அனலாக் டிவைசஸின் ஏடி7746 மாதிரி ஒன்று வேண்டும்.

தாள் தரும் வம்புகள்

நான் முதலில் செய்த ஒன்று மேசையில் ஒழுங்காக ஓடியது. அலுமினியச் சட்டத்தில் ஒட்டினேன், எண் உச்சியில் போய் நின்றுவிட்டது. ஒயர் அறுந்துவிட்டதோ என்று ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன். காரணம் எளியது. பாலியெஸ்டர் தாளின் தடிமன் 125 மைக்ரான். அதன் ஒப்புமை விடுதிறன் சுமார் 3.2. மின்முனைக்கு முன்னால் அரை மில்லிமீட்டர் காற்று, பின்னால் 0.125 மில்லிமீட்டர் பிளாஸ்டிக், அதற்குப் பின்னால் உலோகம். நாம் அளக்க நினைக்கும் மின்தேக்கி 10 பிகோபாரட், நாம் கேட்காமலே பின்னால் உருவான மின்தேக்கி 133 பிகோபாரட். எஃப்டிசி1004 ஈடுகட்டித் தள்ளக்கூடியது 100 பிகோபாரட் வரைதான்.

மெல்லிய தாளில் எல்லாமே மிக அருகில் இருக்கிறது. மின்முனையை விடுங்கள், அதிலிருந்து ஐசிக்குப் போகும் வால் மட்டுமே எவ்வளவு என்று பாருங்கள்: அரை மில்லிமீட்டர் அகலம், 100 மில்லிமீட்டர் நீளம் உள்ள ஒரு கோடு உலோகத்தின் மேல் படிந்தால் 11 பிகோபாரட்டுக்கு மேல். சென்சாரைவிட ஒயர் பெரிய சென்சார். அந்த வால் கொஞ்சம் தூக்கிக்கொண்டால் கோணம் மாறிவிட்டதாகக் காட்டும்.

இதற்கு வழி, தாளின் பின்பக்கம் இன்னொரு மைப்படலத்தை அச்சடித்து, அதைக் கிரவுண்டோடு இணைக்காமல், மின்முனைக்குக் கொடுக்கும் அதே மின்னழுத்தத்தையே அதற்கும் கொடுப்பது. இரண்டு பக்கமும் ஒரே மின்னழுத்தம் ஏறி இறங்கினால் நடுவில் மின்னோட்டம் பாய்வதற்குக் காரணம் இல்லை. அந்த 133 பிகோபாரட் அங்கேயே இருக்கும், ஆனால் கணக்கில் வராது. உயிருள்ள ஷீல்டு என்று நான் சொல்லிக்கொள்வது. எஃப்டிசி1004-இல் இதற்கென்றே தனிக் கால்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் 400 பிகோபாரட் வரை தாங்கும். வாலின் இருபுறமும் அதே ஷீல்டுக் கோடுகளை ஓட்டவும் மறக்கக் கூடாது. ஷீல்டுக்குக் கார்பன் மையே போதும்.

ஏடி7746 வழியில் போனால் இந்தத் தொல்லை கணிசமாகக் குறையும், ஏனென்றால் அது ஒரு மின்முனையிலிருந்து இன்னொன்றுக்கு வருவதை மட்டுமே எண்ணுகிறது, கிரவுண்டுக்கு ஒழுகுவதைப் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை.

அடுத்தது சாய்வு. 20 மில்லிமீட்டர் ஆர ரோட்டார் அரை டிகிரி சாய்ந்தால் விளிம்பு 0.17 மில்லிமீட்டர் ஒரு பக்கம் நெருங்கும், மறுபக்கம் விலகும். அ பெருகும், இ சுருங்கும், இது அசல் சுழற்சியைப் போலவே தெரியும். வகுத்தல் உத்தி இதற்கு உதவாது. அதனால் ஒரு இதழுக்குப் பதில் எட்டு இதழ்களை அச்சடித்து, ஒரே பெயருள்ள துண்டுகளைச் சுற்றிலும் பரப்பி இணைத்துவிடுவார்கள். ஒரு பக்கம் கூடுவது மறுபக்கக் குறைவோடு ஈடாகிவிடும். ஆனால் இதழ்கள் குறுகக் குறுக இடைவெளியும் குறைந்தாக வேண்டும். ஒரு இதழும் அடுத்த வெற்றிடமும் சேர்ந்த நீளத்தில் பாதி அளவுக்கு இடைவெளி இருந்தாலே சைகை பெரும்பகுதி கரைந்துபோகும். இந்த மழுங்கலில் ஒரு நன்மையும் உண்டு, கூர்மையான மூலைகள் முதலில் கரைவதால் கட்டம் கட்டமாக வரைந்த வடிவம்கூட சைன் போல மென்மையாகிவிடும். எட்டு இதழ் என்றால் 45 டிகிரிக்கு ஒருமுறை கதை திரும்ப ஆரம்பிக்கும் என்பதால், எந்த 45 டிகிரி என்று சொல்ல ஒற்றை இதழ்த் தடம் ஒன்றும் கூட வேண்டும்.

தாள் வளையும் என்பதால் வட்டத்தட்டே வேண்டாம், தண்டின்மேல் சுற்றிவிடலாம் என்பது இந்த முறையின் பெரிய கவர்ச்சி. ரோட்டார்த் தாள் தண்டைச் சுற்றி, ஸ்டேட்டார்த் தாள் அதைச் சூழ்ந்த குழாயின் உள்பக்கம். இங்கே தாளின் நீளத்தைக் கணக்கிடும்போது தண்டின் சுற்றளவை மட்டும் எடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள். 20 மில்லிமீட்டர் விட்டத் தண்டின் சுற்றளவு 62.83 மில்லிமீட்டர். ஆனால் வளையும்போது நீளம் மாறாமல் இருப்பது தாளின் நடுப்படலம். அது தண்டின் பரப்பில் இல்லை, 50 மைக்ரான் பசையும் 125 மைக்ரான் தாளில் பாதியும் தள்ளி மேலே இருக்கிறது. அங்கே சுற்றளவு 63.54. அந்த 0.7 மில்லிமீட்டர் வெறும் இடுக்காக நின்றால் 4 டிகிரிப் பிழை. தாளை இழுத்து ஒட்டிச் சரிக்கட்டலாம் என்று தோன்றும், வேண்டாம், அச்சுக் கோப்பில் நீளத்தை மாற்றுங்கள்.

அதே தாள் வளையும்போது வெளிப்பரப்பு எவ்வளவு நீள்கிறது என்பதும் எளிய கணக்கு: தடிமனை வளைவு விட்டத்தால் வகுத்தால் போதும். 20 மில்லிமீட்டர் விட்டத்தில் 125 மைக்ரான் தாளுக்கு 0.6 விழுக்காடு, 50 மைக்ரான் தாளுக்கு 0.25. மெல்லிய தாள் மைக்கு நல்லது, ஆனால் ஷீல்டுக்கும் மின்முனைக்கும் நடுவில் உள்ள தூரமும் அதோடு குறைகிறது, கவனம்.

அச்சடிக்கும் இடத்தில் இரண்டு விஷயங்கள். வெள்ளி மையை இறுக்க வழக்கமாக 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூடு கொடுப்பார்கள். சாதாரண பாலியெஸ்டர் அந்தச் சூட்டில் ஒரு விழுக்காடு வரை சுருங்கக்கூடும், 63 மில்லிமீட்டரில் அது 0.6 மில்லிமீட்டர், அதாவது மேலே தப்பித்த அதே மூன்று நான்கு டிகிரி வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. வெறும் தாளை முதலில் அடுப்பில் சூடேற்றிச் சுருங்கவிட்டு, பிறகு அச்சடிப்பது நல்லது. பாலிஇமைடு தாள் இந்தச் சூட்டுக்கு அசையாது, விலைதான் கூடுதல். அப்புறம், பாலியெஸ்டர் தாளில் சால்டரிங் செய்யப் பார்க்காதீர்கள். தாள் உருகும், வெள்ளி உருகிய சால்டருக்குள் கரையும். கிளிப் போலப் பிடிக்கும் கனெக்டரோ மின்கடத்தும் பசையோதான்.

இப்போது அந்த 80. ரோட்டாருக்கும் ஸ்டேட்டாருக்கும் நடுவில் ஒரு பக்கம் மட்டும் பனித்துளி படிந்தால் எந்த வகுத்தலும் காப்பாற்றாது. மூடிய பெட்டிதான் வழி. மையின் மேலும் ஒரு மின்காப்புப் படலத்தை அச்சடிக்க வேண்டும், இதற்குத் துளி மட்டும் காரணமில்லை: ஈரமும் திசை மாறாத மின்னழுத்தமும் சேர்ந்தால் வெள்ளி ஒரு கோட்டிலிருந்து பக்கத்துக் கோட்டுக்கு வேர் மாதிரி வளர்ந்து ஒருநாள் இரண்டையும் இணைத்துவிடும்.

முதல் முயற்சிக்கு அச்சு எந்திரம் தேவையில்லை. செம்பு ஒட்டுநாடாவை வெட்டி பிளாஸ்டிக் தாளில் ஒட்டி, மையம் விலகிய வட்டத்தை ரோட்டாராக வைத்து, எண்கள் வருகின்றனவா என்று பாருங்கள். தண்டை அசையாமல் பிடித்துவைத்துக் கையை மட்டும் அருகில் கொண்டுபோங்கள்; எண் நகர்ந்தால் ஷீல்டில் ஓட்டை. அது சரியானதும், பாகைமானியோடு 10 டிகிரிக்கு ஒருமுறை நிறுத்தி, காட்டுகிற கோணத்துக்கும் உண்மைக் கோணத்துக்கும் உள்ள வித்தியாசத்தை வரைபடமாகப் போடுங்கள். ஒரு முழுச் சுற்றில் பிழை ஒரே ஒரு மேடும் ஒரே ஒரு பள்ளமுமாக வந்தால், ஏதோ ஒரு ஜோடியில் வாலின் மின்தேக்குத் திறன் கழிபடாமல் நிற்கிறது அல்லது மையம் தவறியிருக்கிறது. இரண்டு மேடு, இரண்டு பள்ளம் என்றால் சைனும் கொசைனும் ஒரே உயரத்தில் இல்லை, அல்லது இரண்டுக்கும் நடுவில் சரியாக 90 டிகிரி இல்லை. முதலாவதை ஒரு எண்ணைக் கழித்தும், இரண்டாவதை ஒரு எண்ணால் பெருக்கியும் நிரலிலேயே பெரும்பாலும் சரிசெய்துவிடலாம். நான்கு மேடு வந்தால் மட்டும் படத்தைத் திரும்ப வரைய உட்கார வேண்டியதுதான், அலை இன்னும் சைன் ஆகவில்லை.